கைவழியே போகும் பொருள்

வலைப்பின்னலில் வரும் ஒவ்வொரு பொதியும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் வருகிறது. எங்கிருந்து வருகிறேன், யாரிடம் போகிறேன், என் நீளம் எவ்வளவு என்ற விவரமெல்லாம் அதன் முகப்பில் இருக்கும். பெற்றுக்கொள்ளும் கணினி நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி அதை இறக்கி வைக்கிறது. அந்த இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். பொதி அங்கே கண் இமைக்கும் நேரம்கூடத் தங்குவதில்லை. உரியவரிடம் போய்விடுகிறது, இடம் அடுத்த பொதிக்கு ஆகிறது. கனடாவிலிருக்கும் மகனோடு ஒரு தாய் பேசும் பேச்சு, ஆஸ்பத்திரி அறிக்கை, வங்கிக் கணக்கு, கோயில் தேரின் நேரலை எல்லாம் இப்படித்தான் வழிநெடுகத் தங்கித் தங்கி வந்து சேர்கின்றன.

அந்த இறக்கி வைத்தலையும் எடுத்துக் கொடுத்தலையும் செய்யும் நிரலில் யாராவது நாலு வரி மாற்றினால், அதைச் சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். திருகோணமலையின் உப்புவெளியில் கடற்காற்று வரும் ஓர் அறையில் இருந்து நான் செய்யும் வேலை அது. கோட் ரிவியூ என்கிறோம். இதைப் பூசைக்குப் பக்கத்தில் வைத்தே நான் நினைக்கிறேன். கை இருக்கும் இடத்தில் மனமும் இருக்க வேண்டும் என்பதுதான் பூசை நம்மிடம் கேட்கும் முதற்பொருள். இங்கேயும் அதுதான். கண் வரிமேல் ஓடிக்கொண்டிருக்க மனம் வேறெங்கோ போய்விட்டால், வாசித்ததாகக் கணக்கு வரும், வாசித்ததாகாது.

அண்மையில் ஒரு தம்பி அனுப்பிய மாற்றம் ஒன்று. கடலோரத்தில் வைக்கும் சிறு கருவி, தனக்கு வரும் பொதியிலிருந்து ஓர் அளவீட்டைப் பிரித்தெடுக்க வேண்டும். அவர் எழுதியது மூன்றே படி. முகப்பிலிருந்து இரண்டு பைட்டை எடுத்து அதை நீளம் என்று கொள்; பஃபரிலிருந்து அந்த நீளத்துக்கு நகலெடு; பஃபரை விடுவி. அழகான, சிக்கனமான எழுத்து.

"அண்ணா, டெஸ்ட் எல்லாம் பாஸ். நல்லா வேலை செய்யுது" என்றார்.

"ஓம் தம்பி, நல்ல பொதி வந்தா நல்லாத்தான் செய்யும். பொய் சொல்லுற பொதி வந்தா?"

இரண்டு பைட்டில் 65,535 வரை எந்த எண்ணையும் எழுதலாம். வந்திருப்பதோ 40 பைட் என்று வைத்துக்கொள்வோம். 65,535 என்று பொதி சொல்கிறது. நிரல் அதை நம்பி நகலெடுக்கத் தொடங்குகிறது. 40 முடிந்ததும் அது நிற்காது. சி மொழியில் நினைவகத்துக்கு வேலி கிடையாது. பக்கத்தில் எது கிடக்கிறதோ, யாருடையதோ, அதையும் அள்ளிக்கொண்டு போகும். சொன்ன நீளத்தையும் வந்த நீளத்தையும் ஒருமுறை ஒப்பிட ஒரே ஒரு வரி போதும். அந்த வரி அங்கே இல்லை. இல்லாத வரியைக் காண்பதுதான் இந்த வேலையில் கடினமானது. எழுதியிருப்பது கண்ணுக்குத் தானாகத் தெரியும். எழுதாமல் விட்டதைக் காண மனம் அசையாமல் நிற்க வேண்டும்.

இப்படி ஒரு வரி இல்லாமற் போனதால் உலகமே கலங்கிய கதை உண்டு. 2011 டிசெம்பர் 31, புத்தாண்டு பிறக்க ஒரு மணி நேரம் இருக்கையில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஒரு மாற்றம் சேர்ந்தது. இணையத்தில் மறைவாகப் பேசுவதற்கு எண்ணற்ற சேர்வர்கள் நம்பியிருந்த மென்பொருள் அது. இணைப்பின் இரு முனைகளும் 'இன்னும் இருக்கிறாயா' என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள ஒரு வசதி; இதயத்துடிப்பு என்றே அதற்குப் பெயர். ஒரு பக்கம் சில எழுத்துகளையும் அவற்றின் நீளத்தையும் அனுப்பும். மறுபக்கம் அதே எழுத்துகளைத் திருப்பிச் சொல்லும். வகையைக் குறிக்க 1 பைட், நீளத்துக்கு 2 பைட், பிறகு எழுத்துகள், கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பு. கேட்பவர் ஒரே ஓர் எழுத்தை அனுப்பி 65,535 என்று சொன்னால், சேர்வர் அந்த ஓர் எழுத்தோடு தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்து 64 கிலோபைட் வரை கொடுத்துவிடும். அதில் யாரோ ஒருவரின் கடவுச்சொல் இருக்கலாம். சேர்வரின் மறைச்சாவியே இருக்கலாம். 2012 மார்ச்சில் இந்த மாற்றத்தோடு 1.0.1 பதிப்பு வெளிவந்தது. 2014 ஏப்ரல் 7 அன்று குறை வெளியே தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. ஹார்ட்பிளீட் என்று உலகம் பெயர் வைத்தது.

எழுதியவர், நீளத்தைச் சரிபார்க்கத் தவறிவிட்டதாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். வாசித்துப் பார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. அவர்களின் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தான் அந்த மென்பொருளைப் பராமரித்து வந்தார்கள். அவர்கள் தோளில் உலகம் தன் ரகசியத்தையெல்லாம் ஏற்றி வைத்துவிட்டு, அவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல் இருந்தது. அந்தச் சிலரை நினைக்கும்போது எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

திருத்தம் மிகச் சிறியது. 1, 2, சொன்ன நீளம், 16 ஆகியவற்றைக் கூட்டு. உண்மையில் வந்ததைவிட அது பெரிதாக இருந்தால் பேசாமல் விட்டுவிடு. இந்தப் 'பேசாமல் விடுதல்' திருத்தத்தை எழுதியவர்கள் தாமாகச் சேர்த்தது அன்று. அந்த வசதிக்கான நெறிமுறையிலேயே இருந்தது. பொய் சொன்ன பொதிக்குப் பதில் இல்லை, திட்டு இல்லை, எச்சரிக்கை இல்லை. அது கேட்டதைக் கொடுக்காமல், அதனிடம் எதையும் வாங்காமல், அதை அப்படியே விட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. நமக்கு வரும் சொற்களில் எத்தனையோ அளவு மீறி வருகின்றன. புகழ்ச்சியும் அப்படித்தான், பழியும் அப்படித்தான். அவற்றோடு வாதாடினால் நம் உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே கொட்டும். அளந்து பார்த்து, பகையில்லாமல் விட்டுவிட ஒருவருக்கு முடிந்தால், அது பெரிய சித்தி என்றே சொல்வேன்.

வள்ளுவர் பொச்சாவாமையை அரசனுக்குரிய அதிகாரங்களுள் வைத்திருக்கிறார். மகிழ்ச்சி மிகும்போது வரும் அயர்ச்சியை அங்கே தனியாக எடுத்துச் சொல்கிறார். எங்கள் வேலையில் டெஸ்ட் எல்லாம் பச்சை நிறமாகும் கணம் அப்படிப்பட்டது. மனம் குளிர்ந்துவிடும். வாசிப்பு அங்கேயே நின்றுபோகும். அந்தக் குளிர்ச்சி வந்ததும் மேலே போய் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவதை நான் ஒரு நியமமாக வைத்திருக்கிறேன்.

ஹார்ட்பிளீட் ஊரறிந்தது. அதற்கு முந்திய, அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. கம்பிவழி வலைப்பின்னலான ஈதர்நெட்டில் ஒரு பொதியின் உள்ளடக்கம் 46 பைட்டுக்குக் குறையக் கூடாது. 'இந்த முகவரிக்கு உரியவர் யார்' என்று கேட்கும் ஏஆர்ப்பி என்ற கேள்விக்கோ 28 பைட்தான் நீளம். மீதி 18 பைட்டை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். பூச்சியங்களால் நிரப்ப வேண்டும் என்பது முறை. வலைப்பின்னல் அட்டைகளை இயக்கும் டிரைவர் நிரல்கள் பல அப்படி நிரப்பவில்லை. பஃபரில் அந்த இடத்தில் முன்பு எது கிடந்ததோ அதோடு சேர்த்தே அனுப்பிவிட்டன. 2003 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஓஃபிர் ஆர்க்கினும் ஜோஷ் ஆண்டர்சனும் இதை வெளிப்படுத்தினார்கள். ஈதர்லீக் என்று அதற்குப் பெயர். ஒரு குற்றமும் அறியாத சின்னக் கேள்வி ஒன்று வெளியே போகிறது. அதன் வாலில், சற்று முன் வந்துபோன வேறொருவருடைய பேச்சின் துண்டு ஒட்டிக்கொண்டு போகிறது. யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. துடைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

விடுவித்தால் போய்விட்டது என்று நினைக்கிறோம். நினைவகத்தில் அப்படி இல்லை. விடுவித்த இடம் 'இனி இது யாருக்கும் ஆகலாம்' என்று குறிக்கப்படுகிறது; அதில் இருந்தது அடுத்தவர் வந்து மேலே எழுதும் வரை அப்படியே கிடக்கிறது. மனத்தில் தங்கிவிடும் பதிவை வாசனை என்று பெரியோர் சொல்வதும் இதைத்தானோ என்று தோன்றும். ஒருவரிடம் பேசி முடித்துவிட்டு இன்னொருவரிடம் திரும்புகிறோம். முந்தியவர் மீதிருந்த கசப்பு, பிந்தியவரிடம் சொல்லும் ஒரு சின்னச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது. அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இரண்டு பேச்சுக்கு நடுவில் ஒரு மூச்சு சும்மா இருந்தால் போதும். 18 பைட் பூச்சியம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பொதியைத் தாங்கும் அமைப்பை ஒருமுறை பொறுமையாகப் பார்ப்பது நல்லது. நினைவகத்தில் ஒரு நீண்ட இடம். அதன்மேல் நான்கு குறிகள்: இடம் தொடங்குவது எங்கே, பொதி தொடங்குவது எங்கே, பொதி முடிவது எங்கே, இடம் முடிவது எங்கே. முதல் இரண்டு குறிகளுக்கு நடுவே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருப்பார்கள். செய்தியை எழுதுபவர் மேல் அடுக்கில் இருக்கிறார். அவருக்குக் கீழே பொதிகள் தவறாமல் போய்ச் சேரப் பார்க்கும் டிசிபி குறைந்தது 20 பைட் முகப்பை முன்னால் சேர்க்கும்; அதற்கும் கீழே முகவரியிடும் ஐபி குறைந்தது 20 பைட்டைச் சேர்க்கும்; கடைசியில் ஈதர்நெட் 14 பைட். தாம் ஒருபோதும் பார்க்கப்போகாத கைகளுக்காக, மேலே இருப்பவர் முன்கூட்டியே இடம் விட்டு வைக்கிறார். இடம் விடாமல் நெருக்கி எழுதினால், கீழே ஒவ்வொருவரும் முழுப் பொதியையும் புதிய இடத்துக்கு நகலெடுக்க வேண்டிவரும். ரிவியூ செய்யும்போது இந்த வெற்றிடத்தை 'வீண்' என்று யாராவது வெட்டியிருந்தால் நான் நிறுத்திக் கேட்பேன். அது அடுத்தவருக்கு உரியது.

வரும் பொதிக்கு இதே வழி தலைகீழ். ஈதர்நெட் தன் முகப்பைப் படித்துவிட்டுக் குறியை 14 பைட் முன்னே நகர்த்தும், ஐபி தன் பங்குக்கு நகர்த்தும். எதையும் கிழித்து எறிவதில்லை. உறை அங்கேயே இருக்கிறது. நாம் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டோம். அன்னமயம், பிராணமயம் என்று கோசங்களைக் கடந்து உள்ளே போகச் சொன்னவர்களும் உடம்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

இனி விடுதல். பஃபரை ஒதுக்கியவர் அதை விடுவித்தாக வேண்டும், ஒரே ஒரு முறை. இதில் நேரும் பிழைகள் பழையவை. விடாமலே இருந்துவிட்டால் கசிவு. கொஞ்சம் கொஞ்சமாக இடமெல்லாம் பிடிபட்டு, கருவி ஒருநாள் மூச்சுமுட்டி நின்றுவிடும். இரண்டு முறை விட்டால், நடுவில் அந்த இடத்தை வாங்கிக்கொண்ட வேறொருவரின் காலடி மண்ணைப் பறிக்கிறோம். விட்டபின் மறுபடி தொட்டால், அது இப்போது இன்னொருவருடையது. நம்முடையது என்று நினைத்து அதில் எழுதுகிறோம். ஒரே பஃபரைப் பலர் வைத்திருக்கும்போது, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் எண் அதனுடனேயே இருக்கும். ஒவ்வொருவரும் கையெடுக்கும்போது ஒன்று குறையும். பூச்சியமானதும் இடம் தானாகத் திரும்பும்.

பற்றைப் பற்றி எத்தனையோ நூல்கள் பேசுகின்றன. விடாதவரின் துன்பம் நமக்குத் தெரிந்ததுதான். விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பவரின் துன்பம் இன்னும் ஆழமானது, கண்டுபிடிக்கவும் கடினம். நிரலிலும் அப்படியே. கசிவை அளந்து காட்டக் கருவிகள் உண்டு. விட்டபின் தொடுவது பல மாதம் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும்.

கசிவு பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், தோல்வியின் வழியில். எல்லாம் சரியாக நடந்தால் நிரல் கடைசி வரிக்கு வந்து பஃபரை விடுவிக்கிறது. நடுவில் ஒரு பிழை கண்டு 'இத்தோடு திரும்பு' என்று பாதியில் வெளியேறினால், கையில் வைத்திருந்ததை யார் கீழே வைப்பது? தம்பியின் மாற்றத்தில் நான் நீளத்தை ஒப்பிடும் வரியைச் சேர்க்கச் சொன்னேன். அவர் சேர்த்தார், தவறான பொதி என்றால் உடனே திரும்பச் செய்தார். திரும்பும் அந்த இடத்தில் பஃபரை விடுவிக்கும் வரி இல்லை. யாராவது கெட்ட பொதிகளாக அனுப்பிக்கொண்டே இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பஃபர் போய், கடைசியில் நல்ல பொதிக்கு இடமிருக்காது. ஏமாற்றப்படாமல் தப்பியவர், தப்பியதாலேயே நிறைந்து அடைத்துப்போவார். அதையும் காட்டினேன். ஏமாற்ற வந்ததையும் முறைப்படி கீழே வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அச்சத்தினால் அதிகம் வைத்திருப்பதும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப்போருக்கு முன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், இன்று 99 கணக்கில், காட்டுக்குள் நிற்கின்றன. ஒரு பேரரசின் கடற்படைக்கு எண்ணெய் தீர்ந்துவிடக் கூடாது என்ற கவலை அவற்றைக் கட்டியது. பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் வெறுமனே நின்றன. வலைப்பின்னலிலும் நினைவகம் மலிவானபோது, ஒரு பொதிகூடக் கீழே விழக்கூடாது என்று கருவி செய்பவர்கள் பஃபரைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். டிசிபி வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் பொதி விழுவதைக் கண்டுதான். விழவே இல்லை என்றால் அது குறைக்காது. பொதிகள் வரிசையில் தேங்கும். எதுவும் தொலையாது, எல்லாம் தாமதமாகும். வெளிநாட்டுப் பிள்ளையோடு பேசும்போது குரல் பிந்திப் பிந்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010 அளவில் இதை உணர்ந்து பஃபர்புளோட் என்று பெயரிட்டார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் சொன்ன வழி எனக்குப் பிடித்தது: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார். காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்குக் குறையாமலே 100 மில்லிவிநாடி போய்விட்டால், ஒன்றை விழவிடு. விழுந்த அந்த ஒன்று, அனுப்பியவரிடம் போய்ச் சேரும் செய்தியாகிறது.

வைத்திருப்பதிலும் பெருமை உண்டு. எங்கள் ஊரில் மலைமேல் நின்ற கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். சம்பந்தர் பதிகம் பாடிய தலம், கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. அந்தக் கல் அவர்கள் கட்டிய கோட்டைக்குப் போனது. 1950இல் நகரசபை குடிநீர்க் கிணறு ஒன்று தோண்டியபோது, மலையிலிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்தில், மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் முதலிய திருவுருவங்கள் வெளிவந்தன. அவற்றைப் புதைத்தவர்கள் யார் என்று பெயர் கிடையாது. ஆபத்து வந்த வேளையில் தங்கள் வீட்டுப் பொருளை விட்டு இவற்றை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். தாங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மண் முந்நூறு வருடத்துக்கு மேல் அவற்றை வைத்திருந்தது, தன்னுடையது என்று சொல்லவில்லை, கேட்டபோது கொடுத்தது. மலைக்குப் போய் அந்த மூர்த்திகளை நினைக்கும்போதெல்லாம், ஒரு பொருளை மாற்றாமல், குறைக்காமல், உரியவர் வரும் வரை காத்து ஒப்படைப்பதில் எவ்வளவு பக்தி இருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். என் பஃபரில் ஒரு மில்லிவிநாடி தங்குவதும் யாரோ ஒருவரின் பொருள்தான்.

லினக்ஸ் வழக்கத்தில், ஒரு மாற்றத்தை வாசித்து நிறைவடைந்தவர் கடைசியில் தன் பெயரை ஒரு வரியாக இடுவார். அந்த வரியை இடுபவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தொழினுட்ப ரீதியாகப் பார்த்தேன். கண்ட குறைகளையும் ஐயங்களையும் எழுதியவரிடம் சொன்னேன், அவர் தந்த பதிலில் நிறைவடைந்தேன். இது பயனுள்ளது, சேர்ப்பதைத் தடுக்கும் குறை எதுவும் எனக்குத் தெரிந்தவரை இதில் இல்லை என்று நம்புகிறேன். கடைசியாக, இது நினைத்த காரியத்தை நிறைவேற்றும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. இந்தக் கடைசிக் கூற்றைச் சிலர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக நினைப்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கவனம் முழுவதையும் கொடுத்துவிட்டு, பலனுக்கு உரிமை கொண்டாடாமல் கையெழுத்திடுவது எளிதான மனநிலை கிடையாது. கீதையைப் பல வருடம் வாசித்தவருக்கும் அது கைகூடுவது அருமை.

தம்பி இரண்டு டெஸ்ட் எழுதிச் சேர்த்தார். ஒன்றில் பொதி முகப்பே முடியாமல் பாதியில் அறுந்து வருகிறது. மற்றதில் 40 பைட்டில் வந்த பொதி தன்னை 65,535 என்று சொல்கிறது. இரண்டையும் நிரல் அளந்து பார்த்து, பேசாமல் கீழே வைத்தது. இரண்டு பஃபரும் திரும்பி வந்தன. மேலே போய் முதல் வரியிலிருந்து ஒருமுறை வாசித்தேன். பிறகு என் பெயரை இட்டேன்.